கப்பலரும் கரைதட்டிய வீடுகளும்

பிறர் வீட்டைத் தம் வீடாகவே கருதும் பெருந்தன்மை உடையோர் உலகிற் பலர் உளர். அந்தப் பெருந்தன்மை முற்றி, வீட்டுக்காரரே வாசலில் நின்று "உள்ளே வரலாமோ?" என்று கேட்கும்படி செய்தவர் கொழும்பு மாநகரில் ஒருவர்தாம் இருந்தார். அவர் கப்பலர்.

அவரைப் பற்றி எழுதப் புகுமுன் ஒரு நிபந்தனையைச் சொல்லிவிடுகிறேன். இங்கே வருவன எல்லாம் நான் கண்ணாற் கண்டவை. அல்லது, தம்முள் முகங்கொடுத்துப் பேசாத இருவர் தனித்தனியே ஒரே வகையாகச் சொன்னவை. மற்றவற்றைத் தள்ளிவிட்டேன். இவ்வளவு கண்டிப்பு ஏனெனின், கப்பலர் கொட்டாஞ்சேனையை விட்டகன்ற பின் அவரைப் பற்றிய கதைகள் ஊறப்போட்ட கடலையைப் போலப் பருத்துவிட்டன. அண்மையில் வெள்ளவத்தையில் ஒரு கலியாண வீட்டுப் பந்தியில், கப்பலர் ஒரு முதியவருடைய வீட்டுக்கு நங்கூரம் இட்டார் என்று ஒருவர் கைகளை அகல விரித்துக் காட்டிக்கொண்டிருந்தார். அது பிழை. இட்டது ஆட்டுக்கல். கயிறு கட்டியது மாத்திரம் உண்மை. உண்மையே போதிய பாரமாக இருக்கும்போது அதன்மேல் நங்கூரத்தையும் ஏற்றுவானேன்?

கப்பலர் கொழும்புக் கோட்டைப் பகுதியில் ஒரு கப்பல் முகவர் நிறுவனத்தில் ஏற்றுமதிப் பகுதியின் தலைமை எழுதுவினைஞர். எந்தத் தேயிலைப் பெட்டி, எந்த இரப்பர்ப் பொதி, எந்தத் தேங்காயெண்ணெய்ப் பீப்பா எந்தக் கப்பலின் வயிற்றில் எந்த மூலையில் இருக்கவேண்டும் என்பதை அவருடைய பென்சிலே தீர்மானித்தது. அவரோ ஒருநாளும் கப்பலேறியவர் அல்லர். இறங்குதுறையில் நின்று, கட்டியிருக்கும் தோணி அசைவதைப் பார்த்தாலே அவருக்குத் தலை சுற்றும். ஆகையால் கப்பல் தலைவர்கள்தாம் கரையிறங்கி அவரைத் தேடி வந்தார்கள். அவர் மணம் செய்துகொள்ளவும் இல்லை. காரணம் கேட்டால், "வாற சரக்கின்ரை நீள அகலம் தெரியாமல் இடம் ஒதுக்கேலாது" என்பார்.

அந்நிறுவனத்தின் இளைய எழுதுவினைஞர் சிலரும் நானும் துறைமுகத்தை அடுத்த கொட்டாஞ்சேனையில் ஓர் ஒழுங்கையில், அதாவது குறுந்தெருவில், ஒற்றை ஆண்கள் கூடி வாடகைக்கு எடுத்த வீடொன்றில் இருந்தோம். அதனைச் சமறி என்பார்கள். இதற்கு நல்ல தமிழ்ச் சொல் தேடிப் பார்த்தேன். கிடைத்தவை எல்லாம் அவ்வீட்டுக்குத் தகாத மதிப்பைக் கொடுத்தன. சமறிக்குத் தலைவரும் கப்பலரே.

எங்கள் ஒழுங்கை முதியோர் ஒழுங்கை. பிள்ளைகளுட் சிலர் மலாயாவுக்கும், சிலர் தோட்டப் பக்கங்களுக்கும், வசதி வந்தவர்கள் கடற்கரையோரத்துப் புது வீடுகளுக்கும் போய்விட்டார்கள். பெற்றோரும், பெற்றோரைவிட மூத்த வீடுகளும் எஞ்சின. ஓடுகள் சரிந்தன, கடற்காற்றில் சுவர்கள் உப்புப் பூத்தன. கப்பலருடைய கொள்கைப்படி, வீடு என்பது கரைதட்டிய கப்பல். "கப்பல் உடைஞ்சால் சனம் கரைக்கு வரலாம். வீடு உடைஞ்சால் எங்கை வாறது?" என்று அவர் கேட்பார். அதற்கு நாங்கள் கண்ட ஒரே விடை, வீடு உடையுமுன் திருத்துவது. ஆதலால் கூரையில் ஏறினோம்.

நாங்களாகவே முன்வந்து ஏறினோம் என்றே சொல்லவேண்டும். கப்பலர் ஒருநாளும் கட்டளை இட்டதில்லை. சனிக்கிழமை அரை நாள் வேலை. சமறியில் மத்தியானச் சோறு உண்டு முடிந்ததும் அவர் சால்வையை இடுப்பிற் கட்டிக்கொண்டு, "நான் ஒருக்காப் போட்டு வாறன். நீங்கள் களைச்சுப் போயிருப்பியள், படுங்கோ" என்பார். அந்தப் 'படுங்கோ'வைக் கேட்டபின் படுக்கவல்லவர் அரியர். எங்களுட் பருத்தவனாகிய பொன்னுத்துரை ஒருமுறை படுத்தே விட்டான். கப்பலர் திரும்பி வந்து, தம் போர்வையை அவனுக்குப் போர்த்தி, ஓசைப்படாமற் கதவைச் சாத்திச் சென்றார். சிறிது நேரத்தில் பொன்னுத்துரை அதே போர்வையோடு கூரைமேல் ஏறியதை நான் கண்டேன்.

முதலில் ஆட்டுக்கல் செய்தியைத் தீர்த்துவிடுகிறேன். காசிம் நானா மூலைவீட்டுக்காரர். தையற்காரராக இருந்து, கண் மங்கியபின் ஓய்ந்தவர். அவர் வீட்டு வாசற்கதவு இறுகித் திறக்க மறுத்தது. வேறொருவராயின் கதவின் அடியைச் சிறிது சீவிவிட்டுப் போயிருப்பார். கப்பலர் நிலத்தில் ஒரு கிண்ணத்தில் நீர் வைத்து, குனிந்து, ஒரு கண்ணை மூடிப் பார்த்தார்.

"நானா, வீடு இடப்பக்கம் சரிஞ்சு நிக்குது."

"சரிஞ்சா என்ன தம்பி? ஊடு என்ன கடலுக்கா போவப் போவுது?"

"பாரத்தை வலப்பக்கம் மாத்தினால் கதவு தன்ரைபாட்டிலை திறக்கும்."

"பாரமெண்டு இந்த ஊட்டுல ஈக்கிறது நானும் என்ட பொஞ்சாதியும்தான். எங்க ரெண்டு பேரயும் தூக்கி வலப்பக்கம் வெக்கப் போறீங்களா?"

கப்பலர் அதையும் ஆராய்ந்தார் என்பதை அவர் முகம் காட்டிற்று. முடிவில் அரிசிப் பெட்டியும் தகர ரங்குப் பெட்டிகளும் வலப்பக்கம் போயின. பாரம் போதாமையால், ஆட்டுக்கல்லை வடக்கயிற்றிற் கட்டி வலப்பக்கக் கூரைவளையிலிருந்து வெளியே தொங்கவிட்டார். கதவு திறந்தது; இதனை நான் சான்றுபடுத்துகிறேன். பின்னர் அது சாத்த மறுத்தது, இதனையும் சான்றுபடுத்துகிறேன்.

"ஒண்டுமில்ல தம்பி" என்றார் காசிம் நானா. "தொறக்காத கதவுக்குள்ள கெடந்தோம். இப்ப சாத்தாத கதவுக்குள்ள கெடக்கிறோம். காத்தாவது வருது."

அடுத்த கிழமை, எங்களுள் மெலிந்தவனாகிய நாகலிங்கம் கப்பலர் அறியாமற் போய்க் கதவைச் சீவிவிட்டு வந்தான். ஆட்டுக்கல்லால் வந்த வெற்றி என்றே கப்பலர் இறுதிவரை நம்பினார், நாங்களும் மறுக்கவில்லை.

இனி, சுவாமியின் செய்தி. துறைமுகத்தில் பாரந்தூக்கியை இயக்குபவனுக்குக் கீழே நிற்பவர் சைகையால் ஆணையிடுவது வழக்கம். கப்பலர் அதையே ஒழுங்கைக்கும் கொண்டுவந்தார். அவர் நிலத்தில் குடையோடு நிற்பார். குடை உயர்ந்தால் வாளியை ஏற்று, தாழ்ந்தால் இறக்கு, அசைந்தால் நிறுத்து. கூரைமேற் கயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தவன் பொன்னுத்துரை. வாளி நிறையச் சுண்ணாம்பு நீர் பாதி வழி ஏறியிருந்த வேளையில், கத்தோலிக்கக் கோயிலின் பங்குச் சுவாமி அவ்வழியே வந்தார். கப்பலர் நல்ல சைவர். ஆயினும் குருமாரைக் கண்டால் மரியாதை செய்யாமல் விடமாட்டார். குடையைத் தாழ்த்தி வணங்கினார்.

வாளி இறங்கிற்று.

சுவாமி அண்ணாந்து பார்த்து, "ஆரது, எனக்கு இரண்டாந்தரம் ஞானஸ்நானம் குடுக்கிறது?" என்று கேட்டார்.

"அண்ணை, நீங்கள்தானே இறக்கச் சொன்னனியள்!" என்றான் மேலிருந்து பொன்னுத்துரை.

"நான் சுவாமிக்கு மரியாதை செய்தனான்ரா! உனக்கில்லை!"

சுவாமியின் அங்கி முன்னமே வெள்ளை. ஆகையாற் சேதம் என்று சொல்லத்தக்கது எதுவும் இல்லை. தாடியைப் பற்றிப் பலரும் பலவிதமாகச் சொல்வர். தாடியும் முன்னமே நரைத்திருந்தபடியால் உறுதியாக ஒன்றும் கூற இயலாது.

இவை இரண்டும் விளையாட்டு. மூன்றாவது அப்படியன்று, அதில் இருவருடைய வாழ்வு தொங்கிக்கொண்டிருந்தது.

சமறிக்கு எதிர் வீட்டில் சவிரிமுத்து ஐயாவும் அவருடைய தங்கை மதலேனம்மாவும் இருந்தார்கள். ஐயா தபாற் கந்தோரில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மனைவி இறந்த நாள் முதல் தங்கைதான் வீட்டைப் பார்த்தார்; ஐயாவின் ஒரே மகன் பிரான்சிசையும் வளர்த்தார். அண்ணனும் தங்கையும் விடிந்தாற் பொழுதுபடும்வரை சண்டை பிடிப்பார்கள். சொதியில் உப்பு, யன்னல் திறப்பதா சாத்துவதா, எந்தப் புனிதருக்கு எந்த நோவைத் தீர்க்கும் வல்லமை என்று பொருள் எதுவாயினும் இருவருக்கும் ஒத்துவராது. அந்தச் சத்தத்துக்கு ஒழுங்கை பழகிவிட்டது. ஆகவே ஒருநாள் அந்த வீட்டில் சத்தம் எழாதபோது எல்லோரும் கலங்கினோம். காசிம் நானா கைத்தடியை ஊன்றிக்கொண்டு வந்து, "என்ன, யாரும் மௌத்தாகிட்டாங்களா?" என்று சாவு வீட்டுக்கு வந்தவர்போலத் தணிந்த குரலிற் கேட்டார்.

நடந்தது இது. கூடத்துக் கூரை ஒழுகி நின்ற நீரில் ஐயா வழுக்கி விழுந்துவிட்டார். எலும்பு முறியவில்லை, இடுப்புப் பிடித்துக்கொண்டது. கல்கிசையில் இருந்த பிரான்சிஸ் ஓடி வந்து, ஒழுகும் கூரையையும் உப்புப் பூத்த சுவரையும் பார்த்து, ஒரு முடிவு செய்தார். தகப்பனைக் கல்கிசைக்குக் கொண்டுபோவது. அங்கே மேலதிகமாக உள்ளது ஓர் அறைதான். ஆகவே தம் மாமி மதலேனம்மாவைக் கன்னியர் நடத்தும் முதியோர் இல்லத்திற் சேர்ப்பது. வாடகை வீட்டை விட்டுவிடுவது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை காரோடு வருவதாகச் சொல்லிப் போயிருந்தார். பிரான்சிஸ் பொல்லாதவர் அல்லர், பயந்துபோனவர்.

மதலேனம்மா வேலிக்கு அப்பால் நின்று கப்பலரிடம் சொன்னதை நான் கேட்டேன்.

"தம்பி, கல்கிசைப் பக்கம் போனா பிரான்சிஸ்ட பெண்சாதிக்கிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க. அண்ணனுக்குச் சொதி தண்ணியா இருந்தா இறங்காது. நான் சொன்னா மருமகள் என்ன நினைப்பாளோ."

கப்பலர் அந்த வீட்டின் கூரையை ஓடு ஓடாக எண்ணிப் பார்த்தார். பின்பு எங்களிடம் வந்து, "ஒழுக்குத்தானே காரணம்? ஒழுக்கை நிப்பாட்டுவம். சுவரை வெளுப்பம். ஞாயிற்றுக்கிழமை அந்தத் தம்பி வந்து பார்க்கட்டும்" என்றார்.

அந்தக் கிழமை நாள்தோறும் கந்தோர் விட்டதும் பொழுது சாயும்வரை கூரையில் இருந்தோம். உடைந்த ஓடுகளையும் உளுத்த மரச் சிலாகைகளையும் மாற்றினோம். வெள்ளையடிப்பு மட்டும் சனிக்கிழமைக்கு எஞ்சிற்று. அதற்குக் கூடத்தில் இருந்த பொருளனைத்தையும் வெளியேற்றவேண்டும். வானம் கறுத்திருந்தமையால் முற்றத்தில் வைக்க இயலாது. உள்ளறை ஒன்றே இடம்.

ஐயாவைச் சமறிக்கு வந்து இருக்கும்படி அழைத்தோம். அவர் தம் சாய்மனைக் கதிரையின் கைகளை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"படி இறங்கினா என்னைக் கார்ல ஏத்திருவான். நான் இறங்க மாட்டன்."

"கார் நாளைக்குத்தானே ஐயா வரும்?"

"நாளைக்கு எண்டு சொன்னா அவன் இண்டைக்கு வருவான். சின்னதுல இருந்தே அப்பிடித்தான்."

கப்பலர் கண்களை மூடிக்கொண்டார். மூடிய கண்களுக்குள் ஒரு கப்பல் நிறைந்துகொண்டிருந்தது போலும். கடைசித் துறையில் இறக்கவேண்டிய சரக்கை முதலில் ஏற்றவேண்டும் என்பது அவருடைய தொழிலின் முதல் விதி. கூடத்துக்கு எல்லாப் பொருளும் திரும்பியபின், கடைசியாக வரவேண்டியவர் ஐயா. எனவே முதலில் ஏற்றப்படவேண்டியவரும் அவரே.

"ஐயாவைக் கதிரையோடை தூக்குங்கோ. உள்ளறை யன்னலுக்குப் பக்கத்திலை. காத்தும் வரும், வெளிச்சமும் வரும்."

ஐயா பேப்பரைக் கையில் வைத்தபடியே ஏற்றப்பட்டார். அவருக்கு அடுத்துக் கட்டில். கட்டிலுக்குக் கீழே ரங்குப் பெட்டிகள். மேசையைக் கவிழ்த்து வைத்து, அதன் கால்களுக்கிடையிற் கதிரைகள், கதிரைகளுக்கிடையிற் சட்டிபானைகள், அவற்றுக்கிடையில் தலையணைகள். "இடைவெளிதான் எங்களுக்கு எதிரி, தம்பிமார். இடைவெளி இருந்தால் கடல் ஆட்டேக்கை சரக்கு உருளும்" என்று கப்பலர் எச்சரித்துக்கொண்டே நின்றார். கொட்டாஞ்சேனை எப்போது ஆடும் என்று கேட்க எங்களுக்குத் தோன்றவில்லை.

"அந்தோனியார் சுரூபத்தைத் தலைகீழா வச்சீங்கண்டா, நான் இப்பவே மடத்துக்குப் போயிருவன்" என்றார் மதலேனம்மா. அந்தோனியார் எல்லாவற்றுக்கும் மேலே, நிமிர்ந்து, ஐயாவைப் பார்த்தபடி வைக்கப்பட்டார்.

கடைசியாக அலுமாரி. அது உள்ளறை வாசலில், அளந்து செய்ததுபோல் அமர்ந்தது. பின்பு, சரக்கின் மேலாக ஒரு நீண்ட சட்டத்தை வைத்து, ஒரு முனையை அலுமாரியின் முதுகிலும் மறுமுனையை யன்னற் சுவரிலும் பொருத்தி, சுவர்ப்பக்கம் ஓர் ஆப்பை அடித்து இறுக்கும்படி நாகலிங்கத்துக்குச் சொன்னார் கப்பலர். நாகலிங்கம் உள்ளே நின்று அடித்து முடித்தான்; பின் அலுமாரிக்கும் நிலைக்கும் இடையில் இருந்த சிறு வழியால், புட்டுக்குழலிலிருந்து புட்டு வருவதுபோல் வெளியே வந்தான். அந்த வழியையும் ஒரு பாயைச் சுருட்டி அடைத்தார் கப்பலர்.

கூடம் பாதி வெளுத்திருந்தது. அப்போது வாசலில் ஒரு வாடகைக் கார் வந்து நின்றது. பிரான்சிஸ் இறங்கினார். ஐயா தம் மகனை நன்றாக அறிந்திருந்தார்.

பிரான்சிஸ் வெறுங் கூடத்தைப் பார்த்தார். சுண்ணாம்பு சொட்டும் எங்களைப் பார்த்தார்.

"பப்பா எங்க?"

எல்லோரும் அலுமாரியைப் பார்த்தோம்.

"நான் இஞ்ச இருக்கிறன்" என்றது அலுமாரி.

பிரான்சிஸ் இரண்டடி பின்வாங்கினார். கப்பலர் முன்வந்து, ஒரு கப்பல் தலைவருக்கு விளக்கும் அதே பணிவோடு விளக்கினார்.

"மற்றச் சரக்கெல்லாத்தையும் இறக்கினாப் பிறகுதான் ஐயாவை இறக்கலாம், தம்பி."

"என்ர பப்பா என்ன சரக்கா?"

"இண்டைக்கு ஓம்."

அலுமாரியைத் தள்ளினோம். அது அசையவில்லை. பொன்னுத்துரை தோள் கொடுத்தான், தோள்தான் நொந்தது. கப்பலர் அலுமாரியை அன்போடு தட்டி, "எந்தக் கடலிலை என்ன புயல் அடிச்சாலும் இது அசையாது" என்றார். அவர் முகத்தில் அத்தகைய நிறைவை நான் முன்பு கண்டதில்லை.

"அண்ணை, ஆப்பு உள்பக்கமெல்லே?" என்றான் நாகலிங்கம் மெதுவாக.

கப்பலில் ஆப்படித்தவன் மேல்வாய் வழியே ஏறி வெளியே வருவான். இறக்கும்போது அவ்வழியே இறங்கி ஆப்பைக் கழற்றுவான். கப்பலின் வயிற்றுக்கு மேல்வாய் உண்டு. வீட்டுக்கு இல்லை. கப்பலருடைய கை அலுமாரியின் மேல் அப்படியே நின்றது.

நாகலிங்கம் பாயை உருவிப் பார்த்தான்; ஆப்பின் நெருக்கலில் அலுமாரி நிலையோடு ஒட்டிவிட்டதால், அவன் வந்த வழியில் இப்போது கைகூட நுழையவில்லை. எல்லோரும் வெளியே ஓடி யன்னலடியிற் கூடினோம். கம்பிகளினூடே கையை விட்டால் ஆப்பு எட்டாது. கதிரையில் இருந்தபடி ஐயா கையை நீட்டினால் எட்டும்.

"பப்பா, உங்கட வலக்கைப் பக்கம், சுவரோட ஒரு மரத்துண்டு இருக்குதாம். அதை ஒருக்கா இழுங்க."

ஐயா பேப்பரை மடித்து வைத்துவிட்டு, ஆப்பை விரலால் தட்டிப் பார்த்தார்.

"இதையா? நல்லா இருக்குது. இருக்கட்டும்."

"பப்பா!"

"உன்ர மாமியை எங்க கொண்டு போறாய், முதல்ல அதைச் சொல்லு."

"சிஸ்டர்மார் நல்லாப் பாப்பாங்க பப்பா. நேரத்துக்குச் சாப்பாடு, மருந்து, பக்கத்திலயே கோயில். ஒரு குறையும் வராது."

"அங்க அவள் ஆரோட சண்டை பிடிக்கிறது?"

பிரான்சிஸ் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிலத்தைப் பார்த்தார். கூட்டத்தை விலக்கிக்கொண்டு மதலேனம்மா வந்து, ஒரு கோப்பைத் தேநீரைக் கம்பிகளுக்கிடையால் நீட்டினார்.

"என்னைப் பத்தி அண்ணன் கவலைப்பட வேணாம். ஆற முந்திக் குடியுங்க."

ஐயா ஒரு வாய் குடித்தார். "சீனி காணாது."

"காணும்."

"காணாது எண்டு குடிக்கிறவன் சொல்றன்."

"போட்டவள் சொல்றன், காணும். போன மாசம் டாக்டர் சொன்னது மறந்து போச்சா?"

"டாக்டருக்கு என்ன தெரியும்? அவன் குடிக்கிறானா இந்தத் தண்ணியை?"

ஒழுங்கை முழுவதும் மூச்சுவிட்டது. காசிம் நானா கைத்தடியைச் சுவரிற் சாத்திவிட்டு ஆறுதலாகக் குந்தினார்.

அப்போது மழை வந்தது. தூறலாக வரவில்லை, கவிழ்த்துக் கொட்டிற்று. அனைவரும் கூடத்துக்குள் ஓடினோம். பிரான்சிஸ் தகப்பன் வழுக்கி விழுந்த அதே இடத்தில் நின்று அண்ணாந்து பார்த்தார். உள்ளங்கையை விரித்துப் பிடித்தார். நெடுநேரம் பிடித்துக்கொண்டு நின்றார். ஒரு துளியும் விழவில்லை.

"உள்ளுக்குள்ள ஒழுகுதா, பப்பா?"

"இல்லை. நீ அங்க நனையிறியா?"

பிரான்சிஸ் கையைத் துடைத்துக்கொண்டு கப்பலரிடம் திரும்பினார்.

"இண்டைக்கு ஒழுகல்ல. அடுத்த மாரிக்கு?"

"ஏறுவம்."

"நீங்க மாற்றலாகிப் போனா?"

"இவங்கள் ஏறுவாங்கள்" என்று கப்பலர் பொன்னுத்துரையைக் காட்டினார்.

"நானோ, அண்ணை?"

"நீ சோத்தைக் கொஞ்சம் குறைச்சால்."

"ஆரும் கேக்காமலே ஏறுவீங்களா?" என்றார் பிரான்சிஸ்.

"தம்பி, ஆரும் கேட்டு நாங்கள் ஏறினதில்லை. இறங்கச் சொல்லித்தான் எல்லாரும் கேக்கிறவை."

அதற்குக் காசிம் நானா, "அது உம்மதான் மகன்" என்று மூலையிலிருந்து சாட்சி சொன்னார்.

வெளியே காரோட்டி பொறுமையிழந்து, "மாத்தயா, யமுத?" என்று புறப்படுவோமா எனக் கேட்டான். "டிக்கக் இன்ன" என்று அவனை நிற்கச் சொல்லிவிட்டு, பிரான்சிஸ் மழையில் நனைந்தபடியே யன்னலுக்குப் போனார். நானும் பின்னாலே போனேன். சொல்லப்படுவதை வேறொருவர் வாயாற் கேட்க நான் விரும்பவில்லை.

"பப்பா, மாமியும் நீங்களும் இஞ்சயே இருங்க. நான் ஞாயிறுகளில வாறன்."

"அந்தோனியாருக்குக் கேக்கச் சொல்லு."

பிரான்சிஸ் உயர நின்ற சுரூபத்தைப் பார்த்து, சத்தமாக, மறுபடியும் சொன்னார். மதலேனம்மா முன்றானையால் முகத்தை மூடிக்கொண்டு, மழைநீரைத் துடைப்பதாக எவரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார். அவர் நின்றது கூரைக்குக் கீழே.

"சரி" என்று ஐயா கம்பீரமாகக் கையை நீட்டி ஆப்பை இழுத்தார்.

ஆப்பு வரவில்லை.

இரண்டு கைகளாலும் இழுத்தார். வரவில்லை. அத்தனை நேரமும் அவர் எதை வைத்துப் பேரம் பேசினாரோ, அது கப்பலர் பார்த்து அடிப்பித்த ஆப்பு. கிழவர் ஒருவரின் கைக்கு அது வருமா?

கப்பலர் குடையை எடுத்தார். "கூரையைத் திறவுங்கோ" என்றார்.

"இப்பதானே அடைச்சீங்க!" என்று மதலேனம்மா அலறினார்.

கப்பலருடைய வாழ்நாளின் உச்சி அந்த மாலைப்பொழுது என்று நான் நினைக்கிறேன். மழை சற்றே ஓய்ந்ததும் உள்ளறைக் கூரையின் புது ஓடுகள் ஒவ்வொன்றாகக் கழன்றன. வீட்டுக்கு ஒரு மேல்வாய் உண்டாயிற்று. நாகலிங்கம் கயிற்றிற் கட்டப்பட்டு, கையிற் கொட்டாப்புளிச் சுத்தியலோடு, சவிரிமுத்து ஐயாவின் வீட்டு வயிற்றுக்குள் இறக்கப்பட்டான். கீழே குடை உயர்ந்தது, தாழ்ந்தது, அசைந்தது. மேலே கயிற்றின் ஒரு பக்கம் பொன்னுத்துரை. மறுபக்கம், காற்சட்டையை முழங்கால்வரை மடித்துக்கொண்டு பிரான்சிஸ். வழியாற் போன பங்குச் சுவாமி குடையைக் கண்ட மாத்திரத்தில் எதிர்ப்பக்கத்துக்கு மாறி நடந்தார்.

ஆப்புக் கழன்றது. அலுமாரி வந்தது, விதிப்படியே ஒவ்வொன்றாக மற்றவையும் வந்தன. எல்லாவற்றுக்கும் கடைசியாக ஐயா, கதிரையிலிருந்து எழாமலே, கூடத்துக்குக் கொண்டுவரப்பட்டார். பாதி வெளுத்த சுவரைப் பார்த்து, "இந்தப் பக்கம் விட்டுப்போச்சு" என்றார். பொழுது சாய்வதற்குள் ஓடுகள் தத்தம் இடத்தை அடைந்தன. கார் வெறுமையாகத் திரும்பிற்று.

பிரான்சிஸ் சொன்னபடியே ஞாயிறுகளில் வந்தார், கண்டிருக்கிறேன். உலக யுத்தம் வந்து, துறைமுகத்தின் மேல் யப்பானிய விமானங்கள் பறந்து, சனம் கொழும்பை விட்டு ஓடிய காலத்தில், அவர் வந்து இருவரையும் ஒரே காரில் ஏற்றிக்கொண்டு போனார். கார் ஒழுங்கை திரும்பும்வரை யன்னலைத் திறப்பதா சாத்துவதா என்ற சண்டை கேட்டது. சமறியும் கலைந்தது. எங்கள் நிறுவனம் ஆட்களைப் பல இடங்களுக்கும் சிதறடித்தது. கப்பலர் ஒரு ரங்குப் பெட்டியோடு புறப்பட்டுப் போனார். பெட்டிக்குள் இடைவெளி இருந்திராது.

எனக்குத் தெரியாதவற்றையும் சொல்லி முடிக்கவேண்டும். எல்லாவற்றையும் கணக்கிட்டு வைக்கும் ஒருவர், வீட்டுக்கு மேல்வாய் இல்லை என்பதை உண்மையாகவே மறந்தாரா? ஆப்பை ஐயாவின் கைக்கு எட்டும் இடத்தில், பிறர் கைக்கு எட்டாத இடத்தில், அறிந்தே வைப்பித்தாரா? அறிந்தே வைப்பித்தார் என்பான் பொன்னுத்துரை. ஆனால் நாகலிங்கம் கேட்டபோது கப்பலருடைய கை அலுமாரியில் உறைந்து நின்றதை நான் கண்டேன். ஒருமுறை கிராண்ட்பாஸ் ட்ராமில் அவரிடமே கேட்டேன். "அதிலை இடம் இருந்தது, வைச்சம்" என்றார். அதற்குமேல் அறிந்திலேன்.

அவர் இப்போது எங்கே இருக்கிறார் என்பதும் தெரியாது. மட்டக்களப்பு என்பர் சிலர், மன்னார் என்பர் சிலர். இரு சாராரும் தம்முள் நல்ல நண்பர்களாகையால் அதனை ஏற்றுக்கொள்ள இயலவில்லை. எங்கேயோ ஒரு கூரையின் கீழ் அவரும் முதியவராக இருப்பார். அது ஒழுகுகிறதா, ஒழுகினால் ஏற ஆள் உண்டா என்பது தெரியவில்லை. அறிந்தவர் இருப்பின் எழுதுக. ஏணி ஏறும் அளவுக்கு எனக்கு முழங்கால் இன்னும் மடங்குகிறது.